தடுப்பூசிக்குப் பின் தோள்பட்டை முடங்கினால்: வட சென்னையில் இழப்பீடு பெறுவதற்கான முழு வழிகாட்டி

டி.டி. ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் கை வலிக்கும். அது இயல்பு, அதற்கு யாரும் இழப்பீடு தரமாட்டார்கள். வலி குறையாமல், வாரங்கள் போகப் போகக் கை இறுகி, ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியாமல், பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல், அந்தப் பக்கம் படுத்தால் தூக்கமே வராமல் போனால் அது வேறு விஷயம். மருத்துவ உலகில் இதற்கு 'சிர்வா' என்று பெயர்: தடுப்பூசி போடப்பட்ட விதத்தால் வரும் தோள்பட்டைக் காயம்.

போடப்பட்ட விதம் என்பதுதான் முக்கியம். தோளின் வெளிப்பக்கம் விரலால் தடவினால் கடினமான எலும்பு விளிம்பு ஒன்று தட்டுப்படும். அதிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, டெல்டாய்டு தசையின் சதைப்பிடிப்பான நடுப்பகுதியில், நேர்க்குத்தாக ஊசி இறங்க வேண்டும். எலும்பு விளிம்பை ஒட்டி மேலே குத்திவிட்டால் மருந்து தசைக்குப் போகாமல் மூட்டைச் சுற்றியுள்ள பர்சா என்ற மெல்லிய பைக்குள்ளோ தசைநாண் மேலோ இறங்கும். உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டத்தான் அந்த மருந்து இருக்கிறது, அந்தத் தூண்டல் தவறான இடத்தில் நடந்தால் அங்கே அழற்சி பிடித்துக்கொள்ளும். சட்டைக் கையைச் சுருட்ட முடியவில்லை என்று காலரை இழுத்து மேல்தோளை மட்டும் காட்டுவது, நோயாளி உட்கார்ந்திருக்க நர்ஸ் நின்றபடி மேலிருந்து குத்துவது, ஒல்லியானவருக்கு ஒன்றரை அங்குல ஊசியைப் பயன்படுத்துவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள்.

சட்டத்துக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், மருந்தில் குறையில்லை, குத்திய கையில்தான் குறை. ஆகவே தடுப்பூசி கம்பெனியை எதிர்த்துக் கிளம்புவது வீண். எதிர்தரப்பு, ஊசி போட்டவரும் அவரை வேலைக்கு வைத்திருக்கும் கிளினிக் அல்லது மருத்துவமனையும்தான். அடுத்த தடுப்பூசிகளைத் தவிர்க்கவும் இது காரணமில்லை. அடுத்த முறை வேறு கையில், சரியான இடத்தில் போட்டுக்கொண்டால் போதும்.

அமெரிக்கச் சட்டம் நமக்கு ஏன் உதவாது, எங்கே உதவும்

இணையத்தில் தேடினால் அமெரிக்க வழக்கறிஞர்களின் விளம்பரங்கள்தான் வந்து நிற்கும். அங்கே 1986ல் இயற்றிய சட்டத்தின் கீழ், யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு தரும் தேசியத் திட்டம் இருக்கிறது. 2017 மார்ச்சில் சிர்வாவும் அதன் பட்டியலில் சேர்ந்தது. நம் நாட்டில் வழக்கமான தடுப்பூசிகளுக்கு அப்படி ஒரு நிதி இல்லை. இங்கே சேவைக் குறைபாட்டையோ கவனக்குறைவையோ நாம்தான் காட்டியாக வேண்டும்.

ஆனாலும் அந்தப் பட்டியலில் உள்ள நான்கு நிபந்தனைகளை மனதில் வையுங்கள். ஊசிக்கு முன் அதே தோளில் வலியோ பிரச்சினையோ இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட அந்தத் தோளோடு நிற்க வேண்டும். அறிகுறிகளை விளக்க வேறு நோய் எதுவும் இருக்கக் கூடாது. இவை நம் நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் உங்கள் எலும்பு மருத்துவர் கருத்துச் சான்று எழுத இதைவிட நல்ல சட்டகம் கிடைக்காது. எதிர்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கிளறப் போவதும் இதே நான்கைத்தான்.

முதல் படி: எப்படிப்பட்ட ஊசி என்று உறுதி செய்யுங்கள்

நாய்க்கடிக்கு அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு இடத்தில் போடுகிறார்கள். அது தோலுக்கு அடியில்கூடப் போகாது, மூட்டைத் தொட வழியே இல்லை. அதே வெறிநாய்க்கடி ஊசியைத் தனியார் கிளினிக்கில் தசையில் ஐந்து தவணையாகப் போட்டிருந்தால் நிலைமை வேறு. டி.டி., ஹெபடைடிஸ் பி, ஃப்ளூ, நிமோனியா, கோவிட் ஊசிகள் தசையில் போடுபவை. காசிமேட்டில் தூண்டில் முள் கிழித்ததற்கும், வியாசர்பாடி லேத் பட்டறையில் இரும்பு வெட்டியதற்கும் அவசரமாகப் போடும் டி.டி.தான் இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் போட்டுக்கொள்ளும் பெரியவர்களுக்கான ஊசி. அதை இடுப்பில் போட்டிருந்தால் தோள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சீட்டில் எந்த இடம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வலியோடு மரத்துப்போதல், தோளின் வெளிப்பக்கத்தில் உணர்ச்சியற்ற ஒரு பட்டை, தசை மெலிதல் இருந்தால் நரம்பில் குத்தியிருக்க வாய்ப்புண்டு. அதற்கும் இழப்பீடு கேட்கலாம், ஆனால் அது சிர்வா அல்ல. மனுவில் இரண்டையும் குழப்பினால் இரண்டுமே பலவீனப்படும்.

இரண்டாவது படி: முதல் வாரத்தின் ஓ.பி. சீட்டு

இந்த வழக்குகள் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் முதல் ஓ.பி. சீட்டில்தான். வலி வந்தவுடன் ஊசி போட்ட இடத்துக்கே போய்ச் சொல்லுங்கள், "ஊசி போட்டா வலிக்கத்தான் செய்யும்" என்று திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை, போன தேதி பதிவாக வேண்டும். அவர்கள் சீட்டில் எழுத மறுத்தால் அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவையுங்கள். பிறகு ஸ்டான்லி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவிலோ வேறு எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். ஸ்டான்லி சீட்டுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. பணம் வாங்காத அரசு மருத்துவர் எழுதியது என்பதால் 'சாதகமாக எழுதி வாங்கியது' என்று யாரும் சொல்ல முடியாது.

மருத்துவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "போன செவ்வாய்க்கிழமை சாயந்திரம் இடது கையில் டி.டி. போட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே வலி ஆரம்பிச்சது. இப்ப கை தோள் மட்டத்துக்கு மேல போகலை." ஊசியின் தேதி, எந்தக் கை, வலி தொடங்கிய நேரம் மூன்றும் சீட்டில் ஏறியதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

இங்கே நடக்கும் கோளாறு சின்னது, விலை பெரிது. பன்னிரண்டு நாளுக்கு முன் ஊசி போட்டவர் மருத்துவரிடம் சாதாரணமாக "ஒரு வாரமா வலி டாக்டர்" என்பார். அவரும் 'வலி, ஒரு வாரம்' என்று எழுதிவிடுவார். கணக்குப் போட்டால் ஊசிக்கு ஐந்து நாள் கழித்து வலி வந்ததாக ஆகிறது, 48 மணி நேர வாதம் அங்கேயே செத்துப்போகிறது. இரண்டு மாதம் மாத்திரையிலேயே ஓட்டிவிட்டு, பிறகு போய் ஊசியைப் பற்றி வாயே திறக்காமல் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' (தோள் மூட்டு இறுகிப்போகும் கோளாறு) என்று மட்டும் எழுதி வாங்கி வருவது இன்னொரு ரகம். தப்பாக எழுதியிருந்தால் மருத்துவரிடமே சொல்லித் திருத்தி, பக்கத்தில் அவர் கையெழுத்து வாங்குங்கள். நீங்களாகப் பேனா எடுத்துத் திருத்தினால் அந்தக் காகிதமே போச்சு.

மூன்றாவது படி: பரிசோதனைகள்

எக்ஸ்ரேயில் இந்தக் காயம் தெரியாது, வேறு எலும்புக் கோளாறு இல்லை என்று காட்ட மட்டும் உதவும். அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோதான் பர்சாவில் நீர் கோத்திருப்பதும், தசைநாண் அழற்சியும் கிழிசலும் தெரியும். எம்.ஆர்.ஐ.யைச் சீக்கிரம் எடுப்பது நல்லது. ஆறு மாதம் கழித்து எடுத்தால் ஆரம்ப அழற்சி அடங்கி, வயதானால் வரும் தேய்மானம் மட்டும் மிஞ்சியிருக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு எதிர்தரப்பு பேசும். எம்.ஆர்.ஐ. விண்ணப்பத்தில் 'ஊசிக்குப் பின் வலி' என்று மருத்துவர் குறிப்பிட்டால் ரேடியாலஜிஸ்ட் பர்சாவைக் கவனித்துப் பார்ப்பார்.

பிசியோதெரபிக்குப் போகும்போது மூட்டு அசையும் கோணத்தைக் காட்டும் கோனியோமீட்டரால் அளந்து எழுதச் சொல்லுங்கள். ஆரோக்கியமான தோள் முன்பக்கமும் பக்கவாட்டிலும் சுமார் 180 டிகிரி வரை மேலே போகும், வெளிப்பக்கச் சுழற்சி சுமார் 90 டிகிரி. உங்களுக்குப் பக்கவாட்டில் 80, ஒரு மாதம் கழித்து 95, மூன்று மாதத்தில் 120 என்று எண்கள் வரிசையாக இருந்தால், அதற்கு நிகரான சாட்சி கிடையாது. 'அசைவு குறைவு' என்று பத்து சீட்டில் எழுதியிருப்பதைவிட ஒரு எண் மேல்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க: ஊசியே இல்லாமலும் உங்களுக்கு ஃப்ரோஸன் ஷோல்டர் வர வாய்ப்பு அதிகம், எதிர்தரப்பின் முதல் ஆயுதம் அதுதான். மறைக்காதீர்கள். மறைத்தது வெளியே வந்தால் மற்ற உண்மைகளையும் நம்பமாட்டார்கள். சர்க்கரை இருந்தும் இதுவரை தோள் நன்றாக இருந்தது, ஊசி போட்ட கையில் மட்டும், ஊசி போட்ட இரவே தொடங்கியது என்று காலக்கணக்கைக் காட்டுவதுதான் பதில்.

நான்காவது படி: காகிதங்களைச் சேர்ப்பது

பணம் கொடுத்ததற்கான ஆதாரம் முதலில். ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் தெருமுனைக் கிளினிக்குகள் பில் கொடுப்பது அபூர்வம். ஜிபே செய்திருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் ஸ்கிரீன்ஷாட், மருந்தை மெடிக்கலில் வாங்கியிருந்தால் பேட்ச் எண்ணுள்ள பில், எதுவும் இல்லையென்றால் கூட வந்தவரின் பிரமாணப் பத்திரம். போன் படங்களையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பிரிண்ட் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63ன் கீழ் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும். ஊசி போட்ட தடம் இன்னும் தெரிந்தால், எலும்பு விளிம்பில் ஒரு விரலை வைத்து, தடம் எவ்வளவு கீழே என்று ஸ்கேலோடு படம் எடுங்கள். இரண்டு மூன்று நாளில் தடம் மறைந்துவிடும், ஆகவே இந்தப் படம் வைத்திருப்பவர் மிகச் சிலரே.

மருத்துவ ஆவணங்களை எழுத்துமூலம் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002ம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். கோரிக்கைக் கடிதத்தின் நகலில் சீல் வாங்குங்கள், தரமறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கொடுக்காமலே விட்டால் அதுவும் நமக்குச் சாதகம்தான், மறைக்க என்ன இருக்கிறது என்று ஆணையம் கேட்கும்.

மாநகராட்சி சுகாதார நிலையம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாள். அன்றைய தடுப்பூசிப் பதிவேட்டின் பக்கம், பணியில் இருந்தவரின் பதவியும் தகுதியும், ஊசியின் அளவு, பேட்ச் எண் ஆகியவற்றைக் கேளுங்கள். 'ஏன் தவறாகப் போட்டீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தை அல்ல.

ஊசி போட்டவரின் பெயர் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். மருத்துவமனையைச் சேர்த்தால் போதும், உள்ளே யார் செய்தது என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு என்று சவீதா கார்க் வழக்கில் 2004ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நர்ஸ் போட்ட ஊசிக்கு மருத்துவமனையே பொறுப்பு என்பது 1998ன் ஸ்பிரிங் மெடோஸ் தீர்ப்பு. இந்த இரண்டு பெயரையும் வக்கீலிடம் சொல்லுங்கள். போட்டவர் நர்ஸே இல்லை, கம்பவுண்டர் என்று தெரியவந்தால் வழக்கின் எடையே மாறிவிடும்.

ஐந்தாவது படி: பக்கவிளைவுப் புகார்

தடுப்பூசிக்குப் பின் வரும் எந்தப் பாதிப்பையும் பதிவு செய்ய ஏ.இ.எஃப்.ஐ. என்ற அரசு ஏற்பாடு இருக்கிறது. ஊசி போட்ட இடத்தின் மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். கூடவே இந்திய மருந்தியல் ஆணையத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். இதிலிருந்து பணம் வராது. ஆனால் அந்த ஏற்பாட்டின் குழு விசாரித்து 'தடுப்பூசி போடும் முறையில் நேர்ந்த பிழை' என்ற வகையில் சேர்த்தால், அந்த ஒரு தாள் உங்களுக்கு நிபுணர் சாட்சிக்குச் சமம். தற்செயல் நிகழ்வு என்று முடித்துவிட்டாலும் கலங்க வேண்டாம், அந்தக் குழு பொறுப்பை நிர்ணயிக்கும் நீதிமன்றம் அல்ல.

ஆறாவது படி: எந்தக் கதவைத் தட்டுவது

இங்கேதான் பலர் ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள். கேள்வி ஒன்றே: ஊசிக்குப் பணம் கொடுத்தீர்களா?

கொடுத்திருந்தால் நுகர்வோர் ஆணையம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995ல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் சாந்தா வழக்கிலேயே முடிவானது. 2019ம் ஆண்டுச் சட்டத்தின் சிறப்பு, எந்த ஆணையத்துக்குப் போவது என்பதையும் கட்டணத்தையும் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்துப் பார்க்காமல், சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துப் பார்ப்பது. 500 ரூபாய் கொடுத்துப் போட்ட ஊசிக்கு 15 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான், மனுக் கட்டணமும் இல்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இந்த ஏற்பாட்டை எதிர்த்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2025ல் இதைச் சரி என்றே சொன்னது. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால், தி.நகரில் ஊசி போட்டிருந்தாலும் தண்டையார்பேட்டைவாசி சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம்.

நேரடியாகப் பணம் கொடுக்காவிட்டாலும் இரண்டு கூட்டத்தாருக்கு இதே கதவு திறந்திருக்கிறது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படுபவர்கள் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் போட்டிருந்தால், சந்தாவே கட்டணம் என்று கிஷோர் லால் வழக்கில் 2007ல் தீர்ப்பாகியிருக்கிறது. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் போட்ட ரயில்வே ஊழியர், சிகிச்சை தன் பணி நிபந்தனையின் பகுதி, ஆகவே இலவசமல்ல என்று வாதிடலாம்.

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகப் போடும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையம், தெருவில் நடந்த முகாம் என்றால் நுகர்வோர் ஆணையம் மனுவை ஏற்காது. அங்கே மூன்று வழி. நிரந்தர மக்கள் நீதிமன்றம்: சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் 'பொதுப் பயன்பாட்டுச் சேவை' பட்டியலில் மருத்துவமனை, மருந்தகச் சேவையும் உண்டு. கட்டணம் இல்லை. சமரசம் ஆகாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம், ஒரு கோடி வரையான வழக்குகளை எடுப்பார்கள். ஆனால் அங்கே போனபின் அதே விஷயத்துக்கு வேறு நீதிமன்றம் போக முடியாது, அவர்கள் தீர்ப்புக்கு அப்பீலும் இல்லை, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டுமே. எங்கள் கருத்தில், எம்.ஆர்.ஐ.யும் ஸ்டான்லி சீட்டும் தெளிவாக இருந்து, கேட்கும் தொகையும் மிதமாக இருந்தால் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான், பலர் கேள்விப்பட்டதேயில்லை. மருத்துவ விவகாரம் சிக்கலாக இருந்தால் மட்டும் அவர்கள் தயங்குவார்கள்.

இரண்டாவது, சிவில் வழக்கு. அரசு மருத்துவமனை ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசே பொறுப்பு என்று 2000ல் சாந்த்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசை எதிர்த்து வழக்குப் போடச் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80ன்படி இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம், ஏழை மனுதாரராக அனுமதி பெற்றால் விலக்கு. மூன்றாவது, உயர் நீதிமன்ற ரிட். தவறு ஆவணத்திலேயே பளிச்சென்று தெரிந்தால் மட்டும் பலன். உண்மை என்ன என்றே சண்டை இருந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள்.

போலீஸ் புகாரோடு தொடங்காதீர்கள். மருத்துவர் மீது குற்ற வழக்குக்கு அப்பட்டமான கவனக்குறைவு வேண்டும் என்று 2005ல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது, இரண்டு விரல் மேலே குத்தியது அந்த அளவைத் தொடாது. அந்தப் புகார் முடிக்கப்பட்டால் அந்த முடிவையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், அதில் ஒழுங்கு நடவடிக்கை வரலாமே தவிர பணம் வராது.

கெடுவை எண்ணும் விதம்

நுகர்வோர் மனுவுக்கு இரண்டு வருடம். எம்.ஆர்.ஐ. எடுத்த நாளிலிருந்து எண்ணலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் இருக்காமல் ஊசி போட்ட நாளிலிருந்தே எண்ணுங்கள். தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் பிசியோ முடியட்டும் என்று காத்திருந்தேன் என்பது வலுவான காரணமல்ல. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே தாக்கல் செய்யலாம். அரசை எதிர்த்த சிவில் வழக்கில் சட்டக் கடமைப்படி செய்த செயல் என்று எதிர்தரப்பு வாதிட்டால் கெடு ஒரே வருடமாகச் சுருங்கக்கூடும், ஆகவே அங்கே ஒரு வருடத்துக்குள், அந்த இரண்டு மாத நோட்டீஸையும் கணக்கில் வைத்து, நகர்ந்துவிடுங்கள்.

ஏழாவது படி: நோட்டீஸும் மனுவும்

நுகர்வோர் வழக்குக்கு வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனாலும் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுத்து, கோபமில்லாமல், தேதிகளோடு. சின்னக் கிளினிக்குகளுக்குத் தொழில் காப்பீடு இருந்தால் நோட்டீஸ் பார்த்தவுடனே காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் பேச்சுக்கு வருவதுண்டு. பதில் கடிதத்தில் 'ஊசி சரியாகத்தான் போடப்பட்டது' என்று எழுதினால், ஊசியே போடவில்லை என்று பின்னால் மறுக்க முடியாது. பில் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு வரியே பெரிய உதவி.

மனுவை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் தாக்கல் செய்யலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தவும் உரிமை உண்டு, இருந்தாலும் மருத்துவக் கவனக்குறைவு வழக்கில் வக்கீல் இருப்பது நல்லது. பெண்கள், பட்டியலினத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குட்பட்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு பக்க விண்ணப்பம் போதும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மனுவில் உண்மைகளைத் தேதி வரிசையில் எண் போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு பத்தியும் ஒரு ஆவணத்தைத் தொட வேண்டும். குறைபாட்டைச் சொல்லும் இடத்தில் 'அலட்சியமாக நடந்துகொண்டார்கள்' என்று பொதுவாக எழுதாமல், 'தோள் எலும்பு விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே போட வேண்டிய ஊசியை, சட்டைக் கையை முழுதாக விலக்காமல், விளிம்பை ஒட்டிப் போட்டனர். மருந்து பர்சாவுக்குள் சென்றதை எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ள திரவச் சேர்க்கை ஆதரிக்கிறது' என்று எழுதுங்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி தேவையில்லை என்று 2010ல் கிஷன் ராவ் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் சிர்வா பலருக்கும் புதுப் பெயர். எலும்பு மருத்துவர் ஒருவரின் இரண்டு பக்கக் கருத்துச் சான்றைப் பிரமாணப் பத்திரத்தோடு இணைத்துவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

எவ்வளவு கேட்பது

செலவுகளை ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதிவாருங்கள்: மருந்து, ஸ்கேன், பிசியோ, ஆட்டோ, வேலைக்குப் போகாத நாள். பிசியோ நிலையத்தில் மாதக் கடைசியில் மொத்தமாக ஒரு ரசீது வாங்காமல், அமர்வு தேதிகளோடு வாங்குங்கள்.

வருமான இழப்பை நிரூபிப்பதில்தான் வட சென்னைத் தொழிலாளிக்குச் சிரமம். மீன் கூடை சுமப்பவருக்கும் லோடு ஏற்றுபவருக்கும் சம்பளச் சீட்டு ஏது? சங்க அட்டை, நலவாரிய அட்டை, வங்கிப் பாஸ்புக்கில் வரும் வரவு, முதலாளியின் கடிதம், சக தொழிலாளியின் பிரமாணப் பத்திரம் எல்லாம் சேர்ந்தால் ஆணையம் ஒரு தொகையை ஏற்கும்.

காயம் நிரந்தரமாகிவிட்டதாக மருத்துவர் சான்று கொடுத்தால் மட்டும் எதிர்கால இழப்பு. இங்கே உடல் ஊனத்தின் சதவீதத்தைவிட, அந்தத் தொழிலுக்கு அது எவ்வளவு இடைஞ்சல் என்பதே கணக்கு, 2010ல் ராஜ்குமார் என்ற விபத்து வழக்கில் வந்த கோட்பாடு இது. 42 வயது, மாதம் 18,000 சம்பாதிக்கும் லோடுமேன், தொழில் சார்ந்த குறைபாடு 10 சதவீதம் என்று வைப்போம். வருடத்துக்கு 2,16,000. விபத்து வழக்குகளில் அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 14. மொத்தம் 30,24,000, அதில் 10 சதவீதம் 3,02,400. மருத்துவ வழக்குகளில் இந்தப் பெருக்கல் முறையைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டியதில்லை என்று 2013ல் குணால் சாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னாலும், கேட்கும் தொகைக்கு அடித்தளம் காட்ட இது உதவும். இதோடு செலவு, வலி வேதனை, வழக்குச் செலவு.

சிர்வா பெரும்பாலும் சிகிச்சையில் சில மாதங்களிலோ ஒரு வருடத்திலோ தேறிவிடும். ஆகவே 50 லட்சம், ஒரு கோடி என்று போட்டால் மனுவின் நம்பகம்தான் குறையும். ஏழு மாதத்தில் கை சரியாகிவிட்டது என்றால் அந்த ஏழு மாதத்துக்குக் கேளுங்கள், அதுவே கணிசமான தொகையாக இருக்கும். மருத்துவர் சொன்ன பிசியோவுக்குப் போகாமல் விட்டிருந்தால், காயத்தை நீங்களே வளரவிட்டீர்கள் என்று குறைப்பார்கள். பணமில்லாமல் போகவில்லை என்றால் அரசு மருத்துவமனையின் பிசியோ பிரிவுக்காவது போயிருக்க வேண்டும்.

விசாரணையும் அதற்குப் பிறகும்

மனுவை ஏற்பதா என்று 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். எதிர்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020ல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. நாற்பத்தாறாம் நாள் பதில் மனு வந்தால் எதிர்ப்புத் தெரிவியுங்கள், சும்மா இருந்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடும் அபாயம் உண்டு. மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். இடையில் சமரச மையத்துக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள். செலவும் வருமான இழப்பும் கைக்கு வருகிற தொகையென்றால் பேசிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் பணம் தரும் தேதியும், தவறினால் எத்தனை சதவீத வட்டி என்பதும் இருக்க வேண்டும்.

தோற்ற தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், பணம் தர உத்தரவான தரப்பு அதில் பாதியைக் கட்டினால்தான் மேல்முறையீடு எடுக்கப்படும். மேல்முறையீடும் போடாமல், பணமும் தராமல் இருந்தால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு. நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 71ன் கீழ் சிவில் நீதிமன்ற உத்தரவைப் போல வங்கிக் கணக்கை முடக்கச் சொல்லலாம். பிரிவு 72ன் கீழ் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கிளினிக் நடத்துபவர் பெரும்பாலும் பிரிவு 72 நோட்டீஸ் வந்த வாரமே டி.டி. எடுத்துக்கொண்டு வருவார், இந்த முறை அது டிமாண்ட் டிராஃப்ட். வட்டியை விட்டுவிட்டு அசலை மட்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முழுத் தீர்வு ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.